சத்தம் வராத கோளாறு

ஏறுங்க சார், முன்னால ஏறுங்க. பின்னால வேண்டாங்க, பின்னால சீட்டுல எம்புள்ளைக்குன்னு இலவம்பஞ்சு மெத்தை போட்டு வெச்சிருக்கறேன். உங்க பையக் கீழ அந்தக் கல்லு மேல வெச்சுக்குங்க. அது வண்டி நிறுத்தறப்போ சக்கரத்துக்கு அண்டை குடுக்கற கல்லுங்க, கால்ல இடிச்சுக்காதீங்க. டிக்கியில எடமில்லீங்க, பூராவும் போசிப் பாத்திரம். அத்தனையும் சோறு.

கோத்தகிரி பஸ்சு உங்க கண்ணு முன்னாடியே போயிருச்சுங்களா? அடுத்த பஸ்சுக்கு முக்கா மணி நேரமாவது நிக்கோணுமே. நானும் தனியாத்தான் போறனுங்க. பேச்சுத் தொணைக்கு ஆளாச்சு.

எம்பேரு குழந்தைவேலுங்க. சோமனூரு. எட்டுத் தறி வெச்சுக் கூலிக்கு ஓட்டறேன். எம்மக தாரணிய கோத்தகிரியில கட்டிக் குடுத்திருக்குதுங்க. ஒம்பதாம் மாசம். இன்னைக்குக் கட்டுச்சோறு விருந்து. எங்க பக்கத்து வழக்கமுங்க அது. பொறந்த ஊட்டுல இருந்து ஏழு வகைச் சோறு கட்டி எடுத்துட்டுப் போயி, புள்ளைக்கு விருந்து வெச்சு, சாயங்காலம் நம்மூட்டுக்குக் கூட்டிட்டு வந்தரோணும். தலைப்பிரசவம் அம்மாவூட்டுலதானுங்களே. ஒறம்பறை சொந்தக்காரங்க எல்லாரும் காத்தாலயே வேன்ல போயிட்டாங்க. எங்கூட்டுக்காரி ருக்குமணியும் வேன்லதான் போனா. இந்த வண்டியில ஏற மாட்டேன்னுட்டா. அது ஒரு கதைங்க, சொல்றேன்.

பெல்ட்டு போடறீங்களா? போடுங்க, போடுங்க. அது நல்லாவே வேலை செய்யுது.

வண்டி எப்படி இருக்குதுங்க சார்? பொய் சொல்ல வேண்டாம். ஜெர்மன் கம்பெனி. கதவு சாத்துனீங்களே, அந்தச் சத்தம் கேட்டீங்களா, கும்முன்னு? அந்தச் சத்தத்துக்குத்தான் நாலு லட்சத்துப் பத்தாயிரம் குடுத்தேன். கோயமுத்தூரு டாக்டரம்மா ஒருத்தங்க வெச்சிருந்த வண்டி. புதுசா வாங்குனா பத்து, பதினொண்ணு ஆகும். நமக்கு எதுக்கு இந்த வண்டின்னு எல்லாருந்தான் கேட்டாங்க. எதுக்குன்னா, எங்க சம்பந்திக்குத்தானுங்க.

தாரணிக்கு நிச்சயம் பண்ணப் போன அன்னைக்கு, நாங்க தறிக்குப் பாவு நூலு ஏத்தற டெம்போவுலதான் போனோம். கழுவித் தொடச்சு, ஜமுக்காளம் விரிச்சுத்தான் போனோம். சம்பந்தி வாசல்ல நின்னுட்டு, "சம்பந்தி பாவு எறக்கிட்டு அப்படியே வந்துட்டாருங்களா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கலைங்க, அவரு தங்கமான பையன். ஆனா எம்புள்ள பட்டுச்சேலையோட தலைய குனிஞ்சுட்டா பாருங்க, அது என் கண்ணுலயே நிக்குது. ரெண்டு வருசமாச்சு, இன்னும் நிக்குது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவளப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வர்ற அன்னைக்கு அந்த வாசல்ல நான் என்ன வண்டியில வந்து நிக்கறேன்னு அந்த மனுசன் பாக்கோணும்.

அதனால வாங்குனேன். வாங்குன மறுநாளே பூஜை போட்டேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு வண்டிய எடுத்தா, மூணு பழம் நசுங்குச்சு. நாலாவது நசுங்காம உருண்டு சாக்கடைக்குள்ள போயிருச்சு. ருக்குமணி அப்பவே மொகத்தச் சுளிச்சா. பழம் சரியா வெக்கலைடீன்னு சொன்னேன். பூசாரிப் பையன் போன் பேசிட்டே வெச்சானுங்க, வேறென்ன.

அப்பறம் ஆரம்பிச்சுது செலவு. மொதல்ல ஏசி. கம்ப்ரஸர் போச்சுன்னான், இருவத்தாறாயிரம். ரெண்டாவது மாசம் தண்ணி ஒழுகுச்சு. இத்தன பெரிய கம்பெனி, இஞ்சினுக்குத் தண்ணி தள்ளற பம்பப் பிளாஸ்டிக்குல செஞ்சிருக்கறான் சார். அதுக்குப் பத்தொம்பதாயிரம். அப்பறம் கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக்குங்களே இது, உள்ள ஒரு மூளை மாதிரி சாமான் இருக்குதாமா, அது புதுசுக்கு ஒரு லட்சத்து எம்பதாயிரம்னாங்க. எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. ஒடச்ச வண்டியில இருந்து கழட்டுனது ஒண்ணு புடிச்சு எம்பத்தஞ்சுல முடிச்சேன். அதுவும் இறக்கத்துல சூடாகுதுங்க. அதுக்கு நான் ஒரு வழி கண்டுபுடிச்சு வெச்சிருக்கறேன், சொல்றேன்.

ஆனா ஒண்ணு சார். இத்தன கோளாறையும் மெக்கானிக்குக்கு முன்னால நாந்தான் கண்டுபுடிச்சேன். காதுலயே கண்டுபுடிச்சேன். கியர்பாக்ஸுல ‘டொக்’குன்னு ஒரு சத்தம். முன்சக்கரத்துக்கிட்ட ‘கடகட’ன்னுச்சு, புஷ்ஷு போயிருச்சுன்னு சொன்னேன், அதேதான். பதினாலாயிரம். முப்பது வருசமாத் தறியில கெடக்கறேன். எட்டுத் தறி ஒண்ணா ஓடறப்போ, கண்ண மூடிட்டு மூணாவது தறியில நாடா அடிபடுதுன்னு சொல்லிருவேன். மிசினுக்கு நோவுன்னா அது கத்தும். கத்தலைன்னா நல்லாருக்குதுன்னு அர்த்தம். அதுல மாத்தமே இல்லீங்க.

அட, குஞ்சப்பனை வந்துருச்சு பாருங்க. இனி ஏத்தந்தான். எப்படி ஏறுது பாருங்க சார், அலுங்காம. இதுக்குப் போயி பிரேக்கு பிரேக்குன்னு உசுர வாங்கறாங்க.

யாரா? ஸ்டீபன்னு ஒரு மெக்கானிக்குங்க, பீளமேட்டுல. நல்ல வேலைக்காரந்தான், இல்லீங்கல. ஆனா காசு பாத்துப் பழகிட்டான். போன தீவாளி சமயம் டேஷ்போர்டுல செவப்பு லைட்டு ஒண்ணு எரிஞ்சுது. கொண்டுட்டுப் போயி காமிச்சேன். "அண்ணா, பிரேக் ஆயில் கொறையுது. மாஸ்டர் சிலிண்டர் கசியுது. மாத்தியே ஆகோணும்"னான். எவ்வளவுடா? "எல்லாஞ் சேத்து இருவத்தோராயிரம்." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒண்ணரை லட்சத்தப் புடுங்குனது பத்தலியாடான்னு மனசுக்குள்ள நெனச்சுட்டு, "சத்தம் எதாச்சும் வருதா"ன்னு கேட்டேன். அதுக்கு அவன் சொல்றான், "பிரேக்கு சத்தம் போட்டுட்டுப் போகாதுங்கண்ணா."

கேட்டீங்களா? முப்பது வருசம் மிசினோட இருக்கறவங்கிட்ட சொல்றான். சத்தமில்லாம கோளாறாமா. வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

வந்து, பானட்டத் தொறந்து பாத்தேன். டப்பாவுல ஆயில் கொறஞ்சுதான் இருந்துச்சு. ஆயில் கொறஞ்சா என்ன பண்ணோணும்? ஊத்தோணும். தறிக்கு விடற எண்ணெய் நம்ம குடோன்ல கேன் கேனா நிக்குது. எட்டுத் தறியத் தாங்கற எண்ணெய் நாலு சக்கரத்தத் தாங்காதுங்களா? ஊத்துனேன். லைட்டு அணைஞ்சு போச்சு. இருவத்தோராயிரத்து வேலை, கால் லிட்டரு எண்ணெயில முடிஞ்சுது.

ஏனுங்க, சார்? தண்ணி வேணுங்களா? மொகம் வெளுத்திருக்குதே. வளைவுல சிலருக்குக் கொமட்டும். கண்ணாடியக் கொஞ்சம் எறக்கி விட்டுக்குங்க.

அப்பறம் பெடலே பட்டு மாதிரி ஆயிருச்சுங்க. மின்னெல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சு, காலு வலிக்கும். இப்ப மெத்துமெத்துன்னு உள்ள போகுது. கொஞ்சம் ஆழமாப் போகுது, அவ்வளவுதான். ரெண்டு மூணு தடவை மிதிச்சு விட்டா நின்னுக்குது. எண்ணெயுங் கொஞ்சம் குடிக்குதுங்க, வாரத்துக்கு ஒரு தடவை ஊத்தறேன். தறியும் குடிக்குது, நாம என்ன தறிய மாத்திட்டா இருக்கறோம்.

எட்டு நாள் கழிச்சு லைட்டு மறுபடி வந்துருச்சு, இந்தத் தடவை எண்ணெய் ஊத்தியும் அணையல. லைட்டோட ஒரு சத்தமும், ‘கீங் கீங்’குன்னு. நான் காதக் குடுத்துக் கேட்டேன். அது வண்டி போடற சத்தம் இல்லீங்க. கம்பெனிக்காரன் ஸ்பீக்கரு வெச்சு, நம்மளப் பயமுறுத்தி வரவெக்கறதுக்குப் போடற சத்தம். ஒயரப் புடுங்கிட்டேன். லைட்ட என்ன பண்றதுன்னுதான் ரோசனையா இருந்துச்சு. ஓட்டறப்போ கண்ணுக்கு நேரா எரிஞ்சுட்டே இருந்தா எரிச்சலா இருக்குமில்லீங்களா? மருதமலை போனப்போ மலை மேல ஸ்டிக்கரு வித்தாங்க. சின்ன வேலு ஒண்ணு வாங்கிச் சரியா அது மேல ஒட்டிட்டேன். பாருங்க, இங்க எட்டிப் பாருங்க. லைட்டு உள்ள எரியறதுக்கு, வேலு எப்படிச் செவச்செவன்னு ஜொலிக்குதுன்னு. கடையில காசு குடுத்தாலும் இப்படி ஒண்ணு கெடைக்காதுங்க. பாக்கறவங்க எல்லாம் கன்னத்துல போட்டுக்கறாங்க.

அன்னைக்குத்தான் ருக்குமணி கதை. மருதமலையில இருந்து எறங்கி வர்றோம். அடிவாரத்துல ஒரு பூக்காரம்மா ரோட்டுக்கே வந்து கடை போட்டிருக்குது. நான் மிதிச்சேன். வண்டி கொஞ்சம் நீண்டு போச்சு. அந்தம்மா எந்திரிச்சு ஓடிருச்சு, மல்லிப்பூக் கூடை மட்டும் சக்கரத்துல மாட்டிக்குச்சு. அவ்வளவுதானுங்க சங்கதி. ஐநூறு ரூவா குடுத்துட்டு வந்தேன். ரோட்டுல கடை போட்டா அப்படித்தான். கூடையோட நின்னுச்சே, அது எதனால? அஞ்சு நிமிசத்துக்கு மின்னாலதான் வேலு ஒட்டுனேன். இதைச் சொன்னா ருக்குமணி கேக்க மாட்டேங்கறா. சக்கரத்துல ஒட்டியிருந்த பூவப் பாத்துட்டு, எறங்கி, டவுன் பஸ்ஸுல ஊடு வந்து சேந்தா. அன்னையில இருந்து ஏறறதே இல்ல. என்ன கோளாறுன்னு அவ கேட்டதுக்கு, ஒண்ணுமில்லைன்னேன். பொம்பளைங்ககிட்ட மிசின் விசயம் பேசி என்ன ஆகப் போகுது.

நேத்து ராத்திரி பூரா ஒரே ரகளைங்க. "புள்ளைய வேன்லயே கூட்டிட்டு வந்தரலாம், உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்"னு அழுகறா. வேன்லயா? பதினாறு ஒறம்பறைக்கு நடுவுல, நெறமாசப் புள்ளைய? அதுக்கா அஞ்சரை லட்சத்தக் கொட்டுனேன்? போதாக்குறைக்குச் சம்பந்தி போன் போட்டு, "உங்களுக்கு எதுக்குங்க செரமம், நம்ம வண்டியில டிரைவரப் போட்டு அனுப்பிச்சு வெக்கறேன்"னாரு. அந்தப் பேச்சுல ஒரு இளிப்பு இருந்துச்சுங்க. போன்லயே தெரியும் எனக்கு. "வேண்டாங்க சம்பந்தி, எங்கிட்டயும் வண்டி இருக்குது"ன்னு வெச்சுட்டேன்.

தாரணியும் பேசுனா. "அப்பா, அம்மா பயப்படறாளே, நான் வேன்ல வந்தர்றனே"ன்னா. பின்னால உனக்கு மெத்தை போட்டாச்சு கண்ணுன்னேன். அதுக்கு அவ, "சரிங்கப்பா, நீங்க ஓட்டுனா எனக்கென்ன பயம்"னா. அது போதும் சார் எனக்கு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தன பாடும். ஒத்தப் புள்ளைங்க. எனக்கு அவளத் தவுர வேற என்ன இருக்குது சொல்லுங்க.

சின்னதுல அவளத் தறிக்குடோன்லதான் தொட்டில் கட்டிப் போட்டிருப்போம். எட்டுத் தறியும் அடிக்கற சத்தத்துல பக்கத்துல பேசறது காதுல விழாது, அந்தச் சத்தத்துல தூங்குவா. கரண்டு போயி தறி பொக்குன்னு நின்னா, அந்த நிமிசம் முழிச்சுக்குவா. வீல்லுன்னு அழுவா. சத்தம் இருந்தாத் தூங்கறா, சத்தம் நின்னாப் பயப்படறாளேன்னு நாங்க சிரிப்போம். கொழந்தைக்கு என்ன தெரியுது, இல்லீங்களா? சார், மேல அந்தக் கைப்புடிய எதுக்குங்க அத்தனை கெட்டியாப் புடிச்சிருக்கறீங்க? ஏத்தம் முடியப் போகுது.

பாத்தீங்களா, இவ்வளவு தூரம் வந்தமே, பிரேக்குல கால வெச்சனா? தேவையே படலைங்க. ஏத்தத்துல வண்டி தானா மட்டுப்படுது. இறக்கத்துக்கா? அதுக்குத்தான் வழி இருக்குதுன்னு சொன்னனே. கியர்பாக்ஸு சூடாகக் கூடாதுன்னு, இறக்கத்துல நியூட்ரல்ல தள்ளிருவேன். பெட்ரோலும் மிச்சம், கியர்பாக்ஸும் தப்பிச்சுது, சத்தமே இல்லாம வழுக்கிட்டுப் போகும். புள்ளைக்கும் அலுங்காது. சாயங்காலம் மூணரைக்கு நல்ல நேரம், கெளம்புனா வெளக்கு வெக்கறதுக்கு மின்னால சோமனூரு. பின்னால மெத்தையில அவ கால நீட்டிப் படுத்துக்கட்டும். மாப்பிள்ளை முன்னால, நீங்க ஒக்காந்திருக்கற எடத்துல.

ஹேண்ட் பிரேக்குங்களா? அது ஆறு மாசமாப் புடிக்கறதில்லீங்க. அதுக்குத்தான் அந்தக் கல்லு.

ஸ்டீபன் நேத்துக்கூட போன் பண்ணுனானுங்க. எப்படித்தான் மூக்கு வேத்துச்சோ. "அண்ணா, மலைக்குப் போறீங்களாமா? வண்டிய எடுக்காதீங்கண்ணா. காசே வேண்டாம், கொண்டுட்டு வந்து விடுங்க, நான் மாட்டித் தர்றேன்"ங்கறான். காசு வேண்டாமாம். எந்த மெக்கானிக்காச்சும் காசு வேண்டாம்னு சொல்லிக் கேட்டிருக்கறீங்களா? அப்பவே தெரிஞ்சு போச்சு, வேற எதோ பெரிய செலவா இழுத்து விடப் பாக்கறான்னு. பேசிட்டு இருக்கறப்பவே கட் பண்ணிட்டேன்.

கோத்தகிரி வந்தாச்சுங்க. நீங்க பஸ் ஸ்டாண்டுலதானே எறங்கோணும்? இங்க சித்த சரிவு, பாத்துக்குங்க. முன்னால பஸ்சு நிக்குது, நிக்கட்டும், நாமளும் நிறுத்திக்கலாம். ம்... ம். இரு, இரு, இரு... ம். நின்னுச்சு. பாத்தீங்களா? நாலு மிதி. எதுக்குங்க அப்படிக் கத்துனீங்க? பஸ்சுக்கும் நமக்கும் ஒரு சாண் இருக்குதுங்களே. மலை ஏறி வந்த களைப்பு வண்டிக்கு. மத்தியானம் பூரா நெழல்ல நிறுத்தி வெச்சா சரியாயிரும். டப்பாவுல இன்னுங் கொஞ்சம் எண்ணெயும் ஊத்திக்கலாம், டிக்கியில கேனு இருக்குது.

எறங்குங்க சார், நல்லபடியாப் போயிட்டு வாங்க. கல்ல எதுக்குங்க எடுத்துட்டு எறங்கறீங்க? ஓ, சக்கரத்துக்கு வெக்கறீங்களா. நல்லதுங்க. ஆனா நான் இப்பக் கெளம்பிருவனே, சம்பந்தியூடு இங்கிருந்து ரெண்டு பர்லாங்குதான்.

ஏனுங்க. இந்தப் பக்கம் எதுக்கு வர்றீங்க? சார், கையெடுங்க. சாவிய எதுக்கு... சார்! சாவிய எதுக்குங்க உருவறீங்க? ஏனுங்க, உங்களப் பாத்தா படிச்ச மனுசனாட்டம் இருக்குது. ஏத்திட்டு வந்ததுக்கு இதாங்க மரியாதை? நாலு பேரு பாக்கறாங்க.

எங்கூட்டுக்காரி நம்பரு உங்களுக்கு எதுக்குங்க? டாக்ஸியா? எம்புள்ளைய டாக்ஸியில கூட்டிட்டுப் போறதா? சார், நான் கோவப்பட்டுப் பேசலைங்க. உங்க கையப் புடிச்சுக் கேக்கறேன். சம்பந்தி வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காந்திருப்பாரு. அந்த மனுசன் மின்னால நான் போசியத் தூக்கித் தலையில வெச்சுட்டு நடந்து போறதுங்களா? உங்களுக்கும் ஒரு பொண்ணு இருந்தாத் தெரியும்.

இருக்குதுங்களா? அப்ப இன்னும் நல்லாத் தெரியுமேங்க.

இங்க பாருங்க சார், இங்க எட்டிப் பாருங்க. நீங்க சாவிய உருவுனதும் வேலு அணைஞ்சு போச்சு. ஒட்டுன நாள்ல இருந்து ஓட்டறப்போ ஒரு நாள் அணைஞ்சதில்லீங்க. நல்ல காரியத்துக்குப் போறப்போ சாமி இப்படி இருண்டு கெடக்கலாமுங்களா? எனக்கு என்னமோ பண்ணுது சார். சாவியக் குடுங்க. புள்ள வாசல்லயே நின்னு பாத்துட்டு இருப்பா.